கச்சான் வெயிலை எதற்குப் பயன்படுத்துவது? திருகோணமலைக் கரைக்கு ஓர் ஒப்பீடு

சம்பூரில் நிலக்கரி மின் நிலையம் கட்டும் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் சூரிய மின் நிலையத்துக்கான வேலை 2025 ஏப்ரலில் தொடங்கிவைக்கப்பட்டது. இரண்டு கட்டங்களாக மொத்தம் 120 மெகாவாற்று. பெரிய விஷயம்தான். ஆனால் அந்த மின்சாரம் கம்பியில் ஏறித் தேசிய வலையமைப்புக்குப் போய்விடும். நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய் என்று நீளும் வடக்குக் கரையிலோ, மூதூர், ஈச்சிலம்பற்றுப் பக்கத்திலோ இருக்கும் ஒரு கடற்றொழிலாளர் சங்கம் தன் கையிலுள்ள சிறிய தொகையைச் சூரிய சக்தியில் போட நினைத்தால் எதில் போடுவது? மாதர் சங்கத்துக்கும், வெங்காயம் செய்கிற நாலைந்து குடும்பங்களுக்கும் இதே கேள்விதான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சூரிய சக்தி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கூரையும் மின் பட்டியலும். ஆனால் மொறவெவ, சேருவில பக்கத்து வயல்களில் யானை வேலியைப் பார்த்தவர்களுக்கு வேறொன்றும் தெரியும். ஒரு சிறிய பனல், ஒரு பற்றரி, கிட்டத்தட்ட நொடிக்கு ஒரு தடவை ஆயிரக்கணக்கான வோல்ற்றில் ஒரு கண நேரத் துடிப்பு. பனல் சின்னது, அது செய்கிற வேலையோ ஓர் ஊரின் விளைச்சலைக் காப்பது. கடற்கரையிலும் இப்படி ஆட்கள் சட்டென்று நினைக்காத வேலைகள் சில இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்போம்.

அதற்கு முன் நம் கரையின் ஒரு குணத்தைச் சொல்ல வேண்டும். கிழக்கில் வாடைக்காற்று வீசும் மாதங்களில், அதாவது நவம்பர் தொடங்கித் தை மாதம் வரை, மழையும் முகிலும் அதிகம், கடலும் கொந்தளிக்கும். பங்குனி, சித்திரை அளவில் கடல் அடங்குகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும் கொளுத்தும் வெயிலும். மேற்குக் கரையில் கடல் குழம்பும் அந்தக் காலத்தில்தான் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர்கள் இங்கே வந்து வாடி, அதாவது தற்காலிகக் குடிசை, போடுகிறார்கள். வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்களும் மீன் உச்சத்தில் படும் மாதங்களும் இங்கே ஒன்றாக வருகின்றன. எல்லாக் கரைக்கும் இந்த வாய்ப்பு இல்லை. சூரிய சக்தியில் போடும் பணம் இந்தப் பொருத்தத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் என் கட்சி. கீழே வரும் தீர்ப்புகள் எல்லாம் அதிலிருந்து வருபவை.

கூரையில் பனல் போட்டு விற்பது

முதலில் எல்லோரும் சொல்வது இதைத்தான். 2016இல் அரசாங்கம் தொடங்கிய சூரிய பல சங்கிராமய திட்டத்துக்குப் பிறகு நாடெங்கும் கூரைகளில் பனல்கள் ஏறின. போட்டுவிட்டால் பெரிதாக வேலை இல்லை, மாதம் மாதம் கணக்கு வரும். பகலில் குளிரூட்டி ஓடும் உப்புவெளி ஹோட்டல்களுக்கும், பகலில் மட்டும் இயங்கும் அலுவலகங்களுக்கும் இது சரியான தெரிவு.

சங்கத்துக்கு? இரண்டு விஷயங்களைப் பலர் விலை கேட்கும்போது கேட்பதில்லை. ஒன்று, பனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவியான இன்வேர்ட்டர், வலையமைப்போடு மட்டும் இணைந்த சாதாரண வகை என்றால், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரைக் காப்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில் பற்றரி இல்லாத கூரைப் பனல்கள் நடுப்பகல் வெயிலிலும் சும்மா கிடந்தன. இரண்டாவது, 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் நேரத்தில் கூரைச் சூரிய மின்சாரத்தை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. விடுமுறையில் தேவை குறைந்து, பகல் மின்சாரம் மிஞ்சிப்போகும் என்ற பயம். நாட்டுக்குப் பகலில் மின்சாரம் மிஞ்சும் நாட்கள் வந்துவிட்டன என்றால், பகல் மின்சாரத்தை விற்று வாழ நினைப்பதை நான் முதல் தெரிவாகச் சொல்ல மாட்டேன். விலையைத் தீர்மானிப்பது நம் கையில் இல்லை. அதே வெயிலைப் பகலிலேயே ஒரு பொருளாக மாற்றிவிட்டால், அந்தப் பொருளை எப்போது விற்பது, யாருக்கு விற்பது என்பது நம் கையில் இருக்கும்.

ஐஸ்

வெயிலில் ஐஸ் செய்யலாம் என்பது புதிதாகக் கேட்பவருக்கு விசித்திரமாக இருக்கலாம். ஆனால் 1878இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியிலேயே ஒகுஸ்தான் மூஷோ என்ற பிரெஞ்சுக்காரர், பெரிய கண்ணாடிக் குடையால் வெயிலைக் குவித்து, அந்தச் சூட்டில் ஐஸ்கட்டி செய்து காட்டினார். தங்கப் பதக்கமும் கிடைத்தது. அப்புறம் நிலக்கரி மலிந்தது, அவருடைய இயந்திரம் மறக்கப்பட்டது.

இன்று வழி இன்னும் எளிது. பனலிலிருந்து வரும் மின்சாரத்தில் கொம்பிரசர் ஓடும், பகல் முழுக்க ஐஸ் செய்யும், இரவில் நின்றுவிடும். பற்றரி வேண்டாம், ஐஸே சேமிப்பு. மின்சாரம் எட்டாத ஊர்களின் தடுப்பூசிக் குளிர்சாதனப் பெட்டிகள் பல இந்த முறையில்தான் வேலை செய்கின்றன. பகலில் உள்ளே ஐஸ் உறைகிறது, இரவில் அந்த ஐஸ் தடுப்பூசியைக் காக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பரிசோதித்து ஏற்றுக்கொண்ட பெட்டிகள் அவை. குழந்தைகளின் மருந்தை நம்பி ஒப்படைக்கும் முறையை மீனுக்கு ஒப்படைக்கத் தயங்கத் தேவையில்லை.

கணக்கைப் பார்ப்போம். வெப்ப நாடுகளில் ஒரு தொன் துகள் ஐஸ் செய்ய ஏறத்தாழ 70 முதல் 85 அலகு மின்சாரம் வேண்டும், கட்டி ஐஸ் என்றால் 55 முதல் 70 வரை. இவை ஐ.நா. உணவு, விவசாய நிறுவனம் ஐஸ் ஆலைகளுக்குச் சொல்லும் எண்கள். சிறிய இயந்திரம் இதைவிட அதிகம் தின்னும். நம் பக்கத்தில் ஒரு கிலோவாற்றுப் பனல் நல்ல நாளில் நாலு அலகு தரும் என்று வையுங்கள். 10 கிலோவாற்றுக்கு 40 அலகு. சிறிய இயந்திரத்தின் நட்டத்தையும் கழித்தால் நாளுக்கு 350, 400 கிலோ ஐஸ். 550 வாற்றுப் பனல் பதினெட்டு, கிட்டத்தட்ட 50 சதுர மீற்றர் இடம். சங்கக் கட்டடத்தின் கூரையே போதும்.

நம் வெயிலில் மீனுக்குச் சரிக்குச் சரி ஐஸ் போட வேண்டும் என்பது பொது விதி. ஆக 400 கிலோ ஐஸ் 400 கிலோ மீனைக் காக்கும். காலையில் கரைக்கு வரும் மீனை அந்த நிமிடமே லொறிக்காரர் சொல்லும் விலைக்குக் கொடுக்காமல், றெஜிபோம் பெட்டியில் வைத்து அடுத்த நாள் வரை பொறுத்திருக்க முடிகிறது. விலை பேசும்போது பொறுத்திருக்க முடிகிறவருக்கு ஒரு பலம் உண்டு. இந்தக் கரையில் ஐஸின் உண்மையான பெறுமதி அதுதான்.

ஆனால் எல்லாச் சங்கத்துக்கும் இது பொருந்தாது. நகரத்துக்குப் பக்கத்தில், ஐஸ் ஆலையிலிருந்து தினமும் லொறி வரும் இடத்தில் இருப்பவர்கள் சொந்த இயந்திரம் வாங்குவதால் பெரிய மிச்சம் காண மாட்டார்கள். ஐஸ் வந்து சேரும்போதே கால்வாசி உருகிவிடும் தூரத்துக் கரைகளுக்கே இது அர்த்தமுள்ளது. இன்னொன்று: குளிர்சாதனம் திருத்தத் தெரிந்தவர் ஊரிலோ பக்கத்திலோ இருக்கிறாரா? இல்லாவிட்டால் சீசன் நடுவில் இயந்திரம் நின்றால் அந்த வருடமே போய்விடும். நல்ல தண்ணீரும் வேண்டும். உவர்க் கிணற்று நீரில் நல்ல ஐஸ் வராது.

கருவாடு

எனக்கு மிகவும் பிடித்த தெரிவு இது. மலிவு என்பது ஒரு காரணம், அதைவிட இதன் வடிவத்தில் இருக்கும் புத்திசாலித்தனம்.

கரைவலையில் நெத்தலியும் கீரியும் சூடையும் மலையாக வரும் நாட்களில் எல்லாவற்றையும் பச்சையாக விற்க முடியாது. மிஞ்சுவது மணலில் விரித்த பாயிலும் வலையிலும் காய்கிறது. மணல் ஒட்டுகிறது, ஈ மொய்த்து முட்டையிடுகிறது, காகமும் நாயும் பங்கு கேட்கின்றன, எதிர்பாராத மழை ஒன்று வந்தால் பெண்கள் ஓடி ஓடி அள்ள வேண்டும். பாடுபட்டுச் செய்த கருவாடு மணலோடு போனால் சந்தையில் கடைசி விலைதான்.

ஜெர்மனியின் ஹொஹென்ஹைம் பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவான சூரியக் குகை உலர்த்தி என்று ஒன்று உண்டு. நீளமான, தாழ்வான ஒரு மேடை. பாதித் தூரத்துக்குக் கறுப்புப் பூசிய தகடு, மீதிப் பாதியில் மீன் பரப்பும் வலைத்தட்டு. இரண்டுக்கும் மேலே ஒளி ஊடுருவும் பொலித்தீன். ஒரு முனையில் சிறிய விசிறிகள். விசிறி உள்ளே தள்ளும் காற்று கறுப்புத் தகட்டின் மேல் போகும்போது சூடேறி, மீனின் மேல் ஓடி, ஈரத்தை எடுத்துக்கொண்டு மறு முனையால் வெளியேறுகிறது. வங்காளதேசத்தில் மீன் உலர்த்த இதைச் சோதித்தபோது விசிறிகளுக்கு 40 வாற்றுப் பனல் ஒன்றே போதுமாக இருந்தது. ஒரு சாதாரண மின்குமிழ் எரிக்கும் அளவு.

இப்போது அந்தப் புத்திசாலித்தனத்துக்கு வருகிறேன். மீனை அளவுக்கு மீறிச் சூடாக்கக் கூடாது. 50 பாகை தாண்டினால் காய்வதற்குப் பதில் வேகத் தொடங்கும், வெளிப்பக்கம் ஓடு மாதிரி இறுகி உள்ளே ஈரம் நின்றுவிடும். இதைக் கட்டுப்படுத்த இந்த உலர்த்தியில் தனிக் கருவி எதுவும் இல்லை. வெயில் ஏறினால் உள்ளே சூடு ஏறும், ஆனால் அதே வெயில் பனலிலும் படுவதால் விசிறி வேகமாகச் சுற்றி அதிகக் காற்றைத் தள்ளிச் சூட்டைத் தணிக்கும். முகில் மறைத்தால் விசிறியும் மெதுவாகும், உள்ளேயுள்ள சூடு வீணாகாது. வெயிலே வெயிலைக் கட்டுப்படுத்துகிறது. இந்த விசிறியைக் கொண்டுபோய்க் கரண்டில் கொடுத்தால் இந்தச் சமநிலை கெட்டுவிடும். பனலில் விடுவதுதான் சரியான வழி, மிச்சம் பிடிப்பதற்காகச் செய்த சமரசம் இல்லை.

பச்சை மீனில் எழுபது, எண்பது சதவீதம் தண்ணீர். அது 25 சதவீதத்துக்குக் கீழே போனால் அழுக வைக்கும் பக்டீரியாக்கள் பெரும்பாலும் வேலையை நிறுத்தும். பூஞ்சணமும் பிடிக்காமலிருக்க 15 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். திறந்த வெளியில் இதைச் சரியாக எட்டுவது கடினம், இரவுப் பனி மறுபடி ஈரத்தை ஏற்றிவிடும். மூடிய உலர்த்தியில் எட்டலாம். ஈ உள்ளே வராததால் பூச்சிமருந்து என்ற பேச்சுக்கே இடமில்லை. கருவாட்டில் பூச்சிமருந்து தெளிப்பது சில நாடுகளில் பெரிய பிரச்சினையாகவே இருக்கிறது. உப்புக்கும் நாம் தூரம் போக வேண்டியதில்லை, நிலாவெளி உப்பளம் பக்கத்திலேயே இருக்கிறது.

குறைகளும் உண்டு. பொலித்தீனை இரண்டு மூன்று சீசனுக்கு ஒரு முறை மாற்ற வேண்டி வரும். கச்சான் காற்றுக்கு அது கிழியாமல் இறுக்கிக் கட்ட வேண்டும். தட்டுகளை ஒவ்வொரு முறையும் கழுவாவிட்டால் நாற்றம் ஏறும். வாடைக்கால மழையில் பல நாள் தொடர்ந்து வெயிலே இல்லாவிட்டால் இதுவும் கைகொடுக்காது. எல்லாவற்றையும்விட முக்கியம், நல்ல கருவாட்டை நல்ல விலைக்கு வாங்க ஆள் வேண்டும். சுத்தமாகச் செய்து பொதியிட்டதைச் சாக்கில் கட்டி வரும் கருவாட்டின் விலைக்கே கொடுப்பதானால் பட்ட பாடெல்லாம் வீண். உலர்த்தி செய்யும் முன்பே கொழும்பிலோ கண்டியிலோ ஒரு கடையைப் பேசி வைப்பது நல்லது.

ஆனாலும் மரவேலை தெரிந்த ஒருவரும் சிறிய பனல் ஒன்றும் இருந்தால் ஊரிலேயே செய்யலாம், பழுதானால் ஊரிலேயே திருத்தலாம். வேறு எந்தத் தெரிவுக்கும் இந்தப் பலம் இல்லை.

படகும் வலையும்

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. அந்த அடியை மறக்காதவர்கள் சோலார் படகைப் பற்றிக் கேட்பது இயல்பு. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேர் ஏறும் ஆதித்யா என்ற படகு 2017 ஜனவரியிலிருந்து சூரிய சக்தியில் ஓடுகிறது. அங்கே ஓடுவது இங்கே ஏன் ஓடாது?

ஆதித்யாவின் கூரை அகலமானது, அதில் 20 கிலோவாற்றுப் பனல் இருக்கிறது. அது போவது அலையில்லாத காயலில், குறுகிய தூரம், மெதுவாக. நம் பைபர் படகு அப்படியல்ல. 25 குதிரைவலு எஞ்சின் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 18 அலகு போல வேலை செய்கிறது. படகின் மேல் எவ்வளவு நெருக்கினாலும் ஒரு கிலோவாற்றுப் பனலுக்கு மேல் வைக்க முடியாது, அது நாள் முழுக்கத் தருவது நாலு அலகு. நடுக்கடலில் காற்று எழும்பும்போது கரைக்குத் திரும்ப வேகம் வேண்டும். அந்த வேகத்தை உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயமாகவே பார்க்கிறேன். எனவே கடற்றொழில் படகுக்கு இன்றைய நிலையில் இல்லை என்பதே என் பதில்.

ஒரு விலக்கு உண்டு. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் இருக்கும் புறாமலைத் தீவுக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுகள். தூரம் குறைவு, பாதை மாறாது, பகல் மட்டும், அதுவும் கடல் அடங்கிய மாதங்களில். கரையில் பனல் வைத்துப் படகின் பற்றரியை ஏற்றலாம். பவளப்பாறையுள்ள தேசியப் பூங்காவின் தண்ணீரில் எண்ணெய் சிந்தாது, சத்தமும் குறையும். படகோட்டிகள் சங்கமாகச் சேர்ந்து ஒரு படகில் தொடங்கிப் பார்க்கத் தகுந்த விஷயம்.

வலைக்கு வருவோம். மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் செவுள் வலைகளில் சூரிய சக்தியில் மினுங்கும் சிறு விளக்குகளைக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். பகலில் ஏற்றிக்கொண்டு இரவில் மினுங்கும் விளக்குகள். ஆமை மாட்டுவது 63 சதவீதம் குறைந்தது, மீன் பிடிபாடு குறையவில்லை. ஆமை மாட்டினால் அந்த உயிரும் போகிறது, வலையும் கிழிகிறது, சட்டச் சிக்கலும் வருகிறது. சங்கம் தன் பணத்தில் வாங்குவதற்கு முன், ஒரு பல்கலைக்கழகமோ திணைக்களமோ இங்கே பரிசோதனை செய்ய வந்தால் மனமுவந்து இடம் கொடுங்கள் என்பேன்.

தண்ணீர்

நிலாவெளியிலிருந்து குச்சவெளி வரை மணல் நிலத்தில் வெங்காயம் செய்கிறவர்களுக்குச் சோலார் பம்ப் பெரிய கவர்ச்சி. மண்ணெண்ணெய்ச் செலவு நின்றுவிடும். ஆனால் மணலுக்குக் கீழே நன்னீர், கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் இருந்தால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. அதாவது மேலே கொஞ்சம் இறைத்தாலே கீழிருந்து உப்பு நெடுந்தூரம் ஏறி வரும். எண்ணெய் பம்பில் செலவே ஒரு கடிவாளம். வெயில் இலவசம் என்றால் யார் நிறுத்தப் போகிறார்கள்?

குஜராத்தின் துண்டி என்ற கிராமத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நம் நாட்டைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் துணையோடு 2016இல் விவசாயிகள் ஒரு கூட்டுறவு அமைத்து, இறைக்காத நேரத்து மின்சாரத்தை வலையமைப்புக்கு விற்றார்கள். இறைக்காமல் விட்டாலும் வருமானம் என்றானது. இங்கே அந்த ஏற்பாடு கிடைக்காதவரை, பெரிய பம்ப் வேண்டாம். சிறிய பம்ப், ஒரு தொட்டி, சொட்டு நீர்ப்பாசனம், அவ்வளவு போதும்.

குடிநீருக்கு வெயிலில் ஓடும் வடிகட்டல் இயந்திரம் பற்றியும் கேட்கிறார்கள். கென்யாவின் கியுங்கா ஊரில் கடல்நீரையே இப்படிச் சுத்திகரிக்கிறார்கள். நமக்குக் கடல்நீர் வேண்டாம், உவர்க் கிணற்று நீருக்குத் தேவைப்படும் மின்சாரம் அதைவிட மிகக் குறைவு. தொட்டியில் சேமிக்கலாம் என்பதால் இரவுப் பிரச்சினையும் இல்லை. ஆனால் உப்பைப் பிரிக்கும் சவ்வை மாற்றும் செலவையும் கழிவு உப்புநீரை எங்கே விடுவது என்பதையும் முதல் நாளே தீர்மானிக்க வேண்டும். குழாய்நீர் வரவிருக்கும் ஊரில் இதில் பணம் போட வேண்டாம்.

யாருக்கு எது

மாதர் சங்கம் ஒன்று முதன்முதலாகத் தொடங்குகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், கருவாட்டு உலர்த்தி. ஒன்று செய்து ஒரு சீசன் பாருங்கள். ஐஸ் ஆலைக்குத் தூரத்தில், நிதி கொஞ்சம் பெரிதாக, பொறுப்பான செயலாளரோடு இருக்கும் தொழிலாளர் சங்கத்துக்கு ஐஸ். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க முடிந்தால் அதைவிட நல்லது. பச்சையாக விலை போகாத மீன் உலர்த்திக்குப் போகும், உலர்த்திக்கு இடம் வரும் வரை ஐஸில் இருக்கும். புறாமலைப் படகோட்டிகளுக்குப் படகு, வெங்காயக்காரருக்குச் சிறிய பம்ப். கூரையில் பனல் போட்டு விற்பதை, சங்கக் கட்டடத்தின் பகல் செலவு உண்மையிலேயே பெரிதாக இருந்தால் மட்டும் பாருங்கள்.

எதை எடுத்தாலும் விலைப்பட்டியல் கேட்கும்போது சில விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். கடற்கரை உப்புக்காற்றைத் தாங்கும் சோதனை செய்த பனலா? தாங்கிகளின் நட்டும் போல்ட்டும் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகா? சாதாரண இரும்புக்குக் கடலோரத்தில் ஆயுள் குறைவு. கூரையில் பனல் 60 பாகைக்கு மேல் சூடேறும், 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும், அதைக் கழித்துத்தான் கணக்குச் சொல்கிறார்களா? பனலுக்கும் தகரத்துக்கும் இடையில் காற்றோட வழி விடுகிறார்களா? 1964 டிசம்பர்ப் புயலை நேரில் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், 2020 டிசம்பரில் புரேவியும் இந்த மாவட்டத்தில்தான் கரை ஏறியது. எந்த வேகக் காற்றுக்குத் தாங்கி வடிவமைக்கப்பட்டது என்று கேட்பது உங்கள் உரிமை. உலர்த்தியின் பனலும் பொலித்தீனும் கழற்றி உள்ளே வைக்கக்கூடியதாக இருக்கட்டும். கச்சான் புழுதியைக் கழுவ நன்னீர் எங்கிருந்து வரும், யார் கழுவுவார் என்பதையும் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

நேரமும் முக்கியம். வாடை அடங்கும் மாசியில் வேலையைத் தொடங்கினால் பங்குனிக்குள் பொருத்தி, சோதனை ஓட்டம் பார்த்து, சித்திரையில் கரைவலை மும்முரமாகும்போது தயாராக இருக்கலாம். மே மாதத்தில் கட்டளை கொடுத்தால் பொருள் வந்து சேர்வதற்குள் சீசன் பாதி போய்விடும். அதனால் விலை கேட்பதையும் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் எடுப்பதையும் கடலுக்குப் போக முடியாத மார்கழியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.